பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ்: எட்டு சீசன் மட்டுமே ஆடிய அணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கறுப்பின பேஸ்பால் வீரர்கள் தங்களுக்கென்று இருந்த தனி லீக்குகளில் மட்டுமே ஆட முடிந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து அணிகளில் இன்றும் அதிகம் பேசப்படுவது பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ். பிட்ஸ்பர்க்கின் தொழில்முறை அணியாக அது இருந்தது 1931 முதல் 1938 வரைதான். இந்த அணியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

எனக்கு பேஸ்பாலே தெரியாது. படித்தால் புரியுமா?

புரியும். பந்து வீசுகிறவர் பிட்சர். பேட்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவர் கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரிதான், ஆனால் எந்தப் பந்தைப் போடலாம் என்று பிட்சருக்குச் சைகை காட்டுவதும் அவர் வேலை. பேட்டர் அடிக்கத் தவறினால் அது ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அடித்துவிட்டு ஓடிக் கடக்க வேண்டிய தளங்கள்தான் பேஸ். அடித்துப் பத்திரமாக பேஸை எட்டினால் அது ஹிட். பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ஹோம் ரன். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். இவ்வளவு போதும்.

கறுப்பர்களுக்கு ஏன் தனி லீக்? சட்டம் போட்டா தடுத்தார்கள்?

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளி, ரயில், உணவகம் எல்லாவற்றிலும் நிறப் பிரிவினையைச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது. 1896இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு முத்திரை குத்தியது. பேஸ்பாலில் அப்படி எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசாமல் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின கேட்சர் டொலீடோ அணிக்காகப் பெரிய லீக்கில், அதாவது நாட்டின் உச்ச நிலை லீக்கில், ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகு கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கும்வரை அது திறக்கவில்லை.

எழுதிய விதி இருந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். 'அப்படி ஒன்றும் தடை இல்லையே' என்று சொல்லிக்கொண்டே யாரையும் சேர்க்காமல் இருப்பவர்களை என்ன செய்வது?

வேறு வழியில்லாமல் கறுப்பர்கள் சொந்தமாக அணிகளும் லீக்குகளும் தொடங்கினார்கள். 1920இல் கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் தலைமையில் உருவான நீக்ரோ நேஷனல் லீக் அதில் முக்கியமானது. பொருளாதார மந்தத்தில் 1931இல் அது மூடப்பட்டது. ('நீக்ரோ' என்ற சொல்லை இன்று யாரும் மரியாதையாகப் பயன்படுத்துவதில்லை. லீக்கின் பெயரில் இருப்பதால் மட்டும் இங்கே வருகிறது.)

க்ராஃபோர்ட்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஒரு குளியல் கூடத்திலிருந்து! பிட்ஸ்பர்க்கில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு மேட்டுப் பகுதி. தென் மாநிலங்களிலிருந்து எஃகு ஆலை வேலைக்கு வந்த கறுப்பர்களும், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே க்ராஃபோர்ட் குளியல் கூடம் என்ற பொதுக் கூடம் இருந்தது. வீட்டில் குளியலறை இல்லாதவர்களுக்காகக் கட்டப்பட்டது, பிள்ளைகள் விளையாடவும் இடம் கொடுத்தது. 1920களின் நடுவில் அந்தப் பகுதிப் பையன்கள் சேர்ந்து அமைத்த அணி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்களிடம் தொப்பியை நீட்டிக் காசு வாங்குவார்கள், அதுதான் வருமானம்.

அந்தப் பையன்களில் ஒருவர் டீனி ஹாரிஸ். பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார இதழின் புகைப்படக்காரரானார். இன்னொருவன் ஜார்ஜியாவிலிருந்து வந்த எஃகு ஆலைத் தொழிலாளியின் மகன், தோள் மட்டும் ஆள் பாதி இருக்கும். பெயர் ஜாஷ் கிப்சன்.

பையன்கள் அணி எப்படிப் பெரிய அணியானது? யார் பணம் போட்டார்கள்?

கஸ் கிரீன்லீ. வட கரோலினாவில் பிறந்து 1916 வாக்கில் பிட்ஸ்பர்க் வந்தவர். முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்து டாக்ஸி ஓட்டினார். அது மதுவிலக்குக் காலம். டாக்ஸியில் ஆள் மட்டும் போகவில்லை, பாட்டிலும் போனது. அப்புறம் நம்பர் ஆட்டம். அதில் வந்த பணத்தில் வைலி அவென்யூவில் க்ராஃபோர்ட் கிரில் என்ற உணவகமும் ஜாஸ் இசைக் கூடமும் நடத்தினார். 1930–31 வாக்கில் அணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார். க்ராஃபோர்ட்ஸ் தொழில்முறை அணியானது அப்போதுதான்.

நம்பர் ஆட்டம் என்றால்?

000 முதல் 999 வரை ஏதாவது ஒரு மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் காசு கட்ட வேண்டும். ஒரு சென்ட் கூடக் கட்டலாம். அன்றைய எண் பங்குச் சந்தைப் புள்ளிகள் போல மறுநாள் செய்தித்தாளில் எல்லாரும் பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து எடுக்கப்படும். அதனால் நடத்துகிறவர் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு வராது. எண் விழுந்தால் கட்டியதைப் போல ஐந்நூறு, அறுநூறு மடங்கு கிடைக்கும்.

ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு, கொடுப்பதோ அறுநூறு மடங்கு. மீதி எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வீடு வீடாகப் போய்ச் சீட்டு எழுதும் ஆட்கள், போலீசுக்கு மாமூல் எல்லாம் போக, நடத்துகிறவர் கையில் நல்ல தொகை நிற்கும்.

ஆனால் எல்லாரும் ஒரே எண்ணைக் கட்டிவிட்டால்? 1930 ஆகஸ்ட் 5 அன்று அதுதான் நடந்தது. அமெரிக்கர்கள் தேதியில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். எட்டாம் மாதம், ஐந்தாம் தேதி: 805. நிறையப் பேர் தேதியையே கட்டினார்கள். அதே எண் விழுந்தது! நகரத்தில் நம்பர் நடத்திய பலர் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடினார்கள். கிரீன்லீயும் அவருடைய கூட்டாளி வூகி ஹாரிஸும் வீடுகளை அடகு வைத்து எல்லாருக்கும் பணம் கொடுத்தார்கள் என்று ஹில்லில் சொல்வார்கள். வூகி, புகைப்படக்காரர் டீனியின் அண்ணன். அதற்குப் பிறகு நம்பர் கட்டுகிறவர்கள் வேறு ஆளிடம் போவார்களா?

சூதாட்டப் பணத்தில் அணி நடத்தினார் என்பது அவமானமாக இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மற்ற அணிகளின் கணக்கைப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் எந்த வங்கியும் கறுப்பினத் தொழிலதிபருக்கு பேஸ்பால் அணிக்காகக் கடன் கொடுக்காது. கையில் ரொக்கம் வைத்திருந்த கறுப்பினப் பணக்காரர்கள் நம்பர் நடத்தியவர்கள்தான். நெவார்க் ஈகிள்ஸ் அணியின் ஏப் மேன்லி, நியூயார்க் க்யூபன்ஸ் அணியின் அலெக்ஸ் பொம்பெஸ் எல்லாருக்கும் அதுதான் தொழில். கிரீன்லீயின் உள்ளூர் எதிரியான ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் கம் போசி நல்ல படிப்பும் குடும்பப் பெருமையும் உள்ளவர். கிரீன்லீயோடு போட்டி போட முடியாமல் கடைசியில் அவரும் நம்பர் நடத்திய ஒருவரைத்தான் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்.

என் பார்வையில் விஷயம் வேறு. ஹில்லில் சலவைக்காரியும் ஆலைத் தொழிலாளியும் கட்டிய ஒரு சென்ட், இரண்டு சென்ட்தான் அணியின் நட்சத்திரப் பிட்சர் சாச்சல் பெய்ஜின் சம்பளமாகவும் மைதானத்தின் செங்கலாகவும் ஆனது. பகுதி மக்கள் தெரியாமலேயே பங்குதாரர்கள். லாபத்தில் மட்டும் பங்கு கிடைக்கவில்லை.

சொந்த மைதானம் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்த அணியின் கதையில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். பெரும்பாலான கறுப்பின அணிகள் வெள்ளையர் அணிகளின் மைதானங்களை அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் வாடகைக்கு எடுத்து ஆடும். பிட்ஸ்பர்க்கில் அது பைரேட்ஸ் அணியின் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். வாடகை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் உடை மாற்றும் அறையைத் திறந்துவிட மாட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் உடை மாற்றிக்கொண்டு, ஆடி முடித்து, வேர்வையோடு திரும்பி அங்கேயே வந்து குளிக்க வேண்டும்.

கிரீன்லீ பெட்ஃபோர்ட் அவென்யூவில் இடம் பிடித்து, ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் செலவில் செங்கல் மைதானம் ஒன்றைக் கட்டினார். சுமார் 7,500 பேர் உட்காரலாம். பொருளாதார மந்தத்தின் அடி ஆழத்தில், 1932இல் இதைச் செய்தார் என்பதை மனதில் வையுங்கள். பெயர் கிரீன்லீ ஃபீல்ட். உடை மாற்றும் அறை உண்டு, வெந்நீர் உண்டு. இரவு ஆட்டத்துக்கு விளக்கும் பிறகு வந்தது.

1932 ஏப்ரல் கடைசியில் நடந்த திறப்பு விழா ஆட்டத்தில் நியூயார்க் பிளாக் யாங்கீஸ் அணிக்கு எதிராகப் பந்து வீசியவர் பெய்ஜ். புது மைதானம், புது பேண்டு வாத்தியம், நகரப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்திருக்க, க்ராஃபோர்ட்ஸ் 1–0 என்று தோற்றது.

ஒரு குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. இருக்கைகளுக்கு மேல் கூரை போடவே இல்லை. ஜூலை வெயிலில் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வந்து உட்காரும் ரசிகர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

யார் யார் ஆடினார்கள்?

இங்கேதான் க்ராஃபோர்ட்ஸ் தனித்து நிற்கிறது. 1930களின் நடுவில் ஒரே அணியில் ஐந்து பேர் பிற்காலத்தில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலில், சேர்க்கப்பட்டவர்கள்: பிட்சர் சாச்சல் பெய்ஜ், கேட்சர் ஜாஷ் கிப்சன், மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டர் கூல் பாப்பா பெல், மூன்றாம் பேஸில் ஜூடி ஜான்சன், முதல் பேஸில் ஆடிக்கொண்டே அணியை நிர்வகித்த ஆஸ்கர் சார்ல்ஸ்டன். (ஜூடி என்ற பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம். வில்லியம் ஜூலியஸ் ஜான்சனின் செல்லப் பெயர் அது.)

இவர்களில் சார்ல்ஸ்டனையும் கிப்சனையும் 1932 வாக்கில் கம் போசியின் கிரேஸ் அணியிலிருந்துதான் கிரீன்லீ இழுத்தார். கூடுதல் சம்பளம், அவ்வளவுதான். கிப்சனைப் பொறுத்தவரை பழைய தெருவுக்கே திரும்பியது போல. சிறு வயதில் இதே பெயருள்ள பையன்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 1930இல் போசி பறித்துக்கொண்டு போயிருந்தார்.

சார்ல்ஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற நால்வரைப் பற்றிக் கதைகள் நிறைய இருப்பதால் இவர் பெயர் பின்னால் போய்விடுகிறது. இளமையில் அவுட்ஃபீல்டில் பறந்து பறந்து பந்து பிடித்தவர், க்ராஃபோர்ட்ஸுக்கு வந்தபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டி, உடம்பு கனத்து, முதல் பேஸுக்கு மாறியிருந்தார். அடி மட்டும் குறையவில்லை. சண்டைக்கும் அஞ்சாதவர். அவரோடு ஆடியவர்களில் பலர், தாங்கள் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டக்காரர் அவர்தான் என்றார்கள்.

பெய்ஜ், பெல் பற்றிச் சொல்லப்படும் கதைகளை நம்பலாமா?

பாதி. கூல் பாப்பா பெல் அத்தனை வேகம், விளக்கை அணைத்துவிட்டு அறை இருட்டாவதற்குள் படுக்கையில் இருப்பார் என்று பெய்ஜ் போகிற இடமெல்லாம் சொல்வார். பிற்காலத்தில் பெல்லே விளக்கம் கொடுத்தார். ஒரு ஹோட்டல் அறையில் சுவிட்ச் கோளாறு. அணைத்த பிறகு விளக்கு அணைய நேரம் பிடித்தது. அதைக் கவனித்த பெல், பெய்ஜிடம் பந்தயம் கட்டி ஜெயித்தார். கதையும் பொய்யில்லை, நடந்ததும் அதிசயமில்லை.

ஆனால் பெய்ஜின் பந்துவீச்சுக்குச் சாட்சி உண்டு. 1934 ஜூலை 4 அன்று கிரீன்லீ ஃபீல்டில் ஹோம்ஸ்டெட் கிரேஸுக்கு எதிராக ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். 17 பேர் ஸ்ட்ரைக்-அவுட். ஸ்கோர் 4–0. அந்த ஆண்டு அக்டோபரில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு உலகத் தொடரை (பெரிய லீக்குகளின் இறுதித் தொடர்) வென்று கொடுத்த வெள்ளைப் பிட்சர் டிஸ்ஸி டீன் ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டங்கள் ஆடினார். பெய்ஜோடு எதிரும் புதிருமாக வீசிப் பார்த்தவர், அவரை வாய் ஓயாமல் புகழ்ந்தார். பெரிய லீக்கில் ஆடத் தகுதியானவர்கள் கறுப்பர்களில் இல்லை என்ற பேச்சை முறியடித்தவை இந்த மாதிரிக் காட்சி ஆட்டங்கள்தான்.

பெய்ஜை வைத்துக்கொள்வதுதான் கிரீன்லீக்குப் பெரும்பாடு. 1934 அக்டோபரில் பெய்ஜின் கல்யாணத்தைக் க்ராஃபோர்ட் கிரில்லில் கிரீன்லீயே நடத்தி வைத்தார். மாப்பிள்ளைத் தோழர், புகழ்பெற்ற நடனக் கலைஞர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன். கல்யாணமான கையோடு பெய்ஜ் சம்பளம் கூட்டிக் கேட்டார். கிரீன்லீ மறுத்தார். 1935இல் பெய்ஜ் வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகர அணிக்குப் போய்விட்டார், அதுவும் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து ஆடிய அணி.

எத்தனை முறை பட்டம் வென்றார்கள்?

1933இல் கிரீன்லீ இரண்டாவது நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். தலைவரும் அவரே. அந்த ஆண்டுப் பட்டம் யாருக்கு என்பதில் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸுக்கும் க்ராஃபோர்ட்ஸுக்கும் தகராறு வந்தது. லீக் தலைவர் கிரீன்லீ விசாரித்து, கிரீன்லீயின் அணிக்கே பட்டம் என்று தீர்ப்பளித்தார். சிகாகோக்காரர்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

1935இல் வந்த பட்டத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. எதிரே மார்ட்டின் டிஹிகோ தலைமையில் நியூயார்க் க்யூபன்ஸ். ஏழு ஆட்டத் தொடரில் க்ராஃபோர்ட்ஸ் பின்தங்கி, தோற்கும் விளிம்பில் நின்றது. ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் பின்னடைவு. ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று டிஹிகோ தானே பந்து வீச வந்தார். சார்ல்ஸ்டன் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். ஆட்டம் க்ராஃபோர்ட்ஸ் கைக்கு வந்தது. ஏழாவது ஆட்டத்தையும் ஒரே ரன் வித்தியாசத்தில், 8–7 என்று வென்றார்கள். பெய்ஜ் இல்லாத அணி செய்த காரியம் இது என்பதை அவருடைய ரசிகர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

கிழக்கு–மேற்கு ஆட்டத்துக்கும் இந்த அணிக்கும் என்ன தொடர்பு?

அதை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் கிரீன்லீ. 1933 ஜூலையில் பெரிய லீக்குகள் சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை நடத்தின. இரண்டே மாதத்தில், செப்டம்பர் 10 அன்று, அதே மைதானத்தில் கறுப்பின நட்சத்திரங்களின் கிழக்கு–மேற்கு ஆட்டம் நடந்தது. கறுப்பினச் செய்தித்தாள்கள் வழியாக ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப் போடும் உரிமையே மறுக்கப்பட்ட தென் மாநிலங்களிலும் அந்தச் செய்தித்தாள்கள் போயின. மேற்கு 11–7 என்று ஜெயித்தது. 1940களில் இந்த ஆட்டத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்ததும் உண்டு. கிரீன்லீ செய்தவற்றில் க்ராஃபோர்ட்ஸைவிட அதிக நாள் நிலைத்தது இதுதான்.

வெளியூர் ஆட்டங்களுக்கு எப்படிப் போனார்கள்?

பஸ்ஸில். கிரீன்லீ வாங்கிக் கொடுத்த அந்த பஸ்ஸின் பக்கவாட்டில் அணியின் பெயர் எழுதியிருக்கும். அதன் முன்னால் ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம் இந்த அணியைப் பற்றி எங்கே பேசினாலும் வந்துவிடும். லீக் ஆட்டங்கள் கொஞ்சம்தான், மீதி நாளெல்லாம் சின்ன ஊர்களில் உள்ளூர் அணிகளோடு காட்சி ஆட்டம். பல ஊர்களில் கறுப்பர்களுக்கு அறை கொடுக்கும் ஹோட்டல் கிடையாது. பஸ்ஸிலேயே தூங்கி, மளிகைக் கடையில் வாங்கியதைப் பஸ்ஸிலேயே சாப்பிட்டு, இறங்கி ஆடுவார்கள்.

1937இல் என்ன நடந்தது? சர்வாதிகாரி ஒருவர் அணியையே வாங்கிவிட்டார் என்கிறார்களே?

டொமினிக்கன் குடியரசை அப்போது ஆண்டவர் ரஃபேல் ட்ருஹியோ. முந்தைய ஆண்டுதான் தலைநகர் சாண்டோ டொமிங்கோவுக்குத் தன் பெயரையே வைத்து 'சியுதாத் ட்ருஹியோ' ஆக்கியிருந்தார். தன் பெயர் தாங்கிய ஊரின் பேஸ்பால் அணி தோற்கலாமா? ஆட்கள் அமெரிக்காவுக்கு வந்து பெய்ஜைப் பிடித்தார்கள். பெய்ஜ் பிற்காலத்தில் சொன்ன கணக்குப்படி, அவரும் அவர் கூட்டி வருகிறவர்களும் பங்கிட்டுக்கொள்ள 30,000 டாலர். கூல் பாப்பா பெல், சாம் பாங்க்ஹெட், லெராய் மாட்லாக் என்று க்ராஃபோர்ட்ஸின் முதுகெலும்பே கிளம்பிப் போனது. கிப்சனும் போனார்.

சியுதாத் ட்ருஹியோ அணி பட்டம் வென்றது. மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள், தோற்றிருந்தால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டோம் என்று பெய்ஜ் ஆண்டுக்கு ஆண்டு விரித்துச் சொன்னார். விளக்கு–சுவிட்ச் கதையைச் சொன்ன அதே வாய்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். திரும்பி வந்தவர்களுக்கு லீக் தடை விதித்திருந்தது. அவர்கள் கவலைப்படவில்லை. 'ட்ருஹியோ ஆல்-ஸ்டார்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் சுற்றி ஆடி, டென்வரில் நடந்த பெரிய போட்டியையும் வென்றார்கள்.

அப்படியானால் அணியைக் கொன்றது ட்ருஹியோதானே?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. தேதியைப் பாருங்கள். 1937 மார்ச்சிலேயே, பெய்ஜ் கிளம்புவதற்கு முன்பே, கிரீன்லீ கிப்சனையும் ஜூடி ஜான்சனையும் கம் போசியின் கிரேஸுக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு வந்தது இரண்டு சாதாரண ஆட்டக்காரர்களும் 2,500 டாலரும். நாட்டின் தலைசிறந்த அடிகாரரை, அதுவும் பக்கத்து எதிரியிடம், அந்த விலைக்கு விற்கிறவன் கையில் காசு இல்லை என்று அர்த்தம்.

ஏன் இல்லை? மதுவிலக்கு 1933 முடிவில் நீங்கியதும் கள்ளச் சாராய வருமானம் போனது. நம்பர் தொழிலில் போலீஸ் சோதனைகள் கூடின, போட்டியும் கூடியது. மைதானத்தில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஆலைகளில் முழு நேர வேலை இல்லாதவன் டிக்கெட்டுக்கு எங்கே போவான்? நம்பர் கட்டும் காசும் டிக்கெட் வாங்கும் காசும் ஒரே சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும். பை காலியானால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். கிரீன்லீயின் மொத்த ஏற்பாட்டின் பலவீனமும் அதுதான். ட்ருஹியோ வந்தபோது வீடு ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. அவர் கடைசி உதை கொடுத்தார்.

பெய்ஜையும் மற்றவர்களையும் துரோகிகள் என்று அன்றைய செய்தித்தாள்கள் திட்டின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய லீக் கதவைச் சாத்திவிட்டது, சொந்த லீக் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறது. சில வாரத்துக்கு ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம் தருகிறேன் என்கிறான் ஒருவன். போகாமல் இருப்பார்களா?

மைதானம் என்ன ஆனது?

1938 டிசம்பரில் இடித்தார்கள். ஏழே சீசன். அந்த இடத்தில் பெட்ஃபோர்ட் ட்வெல்லிங்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு எழுந்தது. ஹில்லில் வீடுகளுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்ததால் அதைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை.

அணி அதோடு முடிந்ததா?

பிட்ஸ்பர்க்கில் முடிந்தது. பெயர் மட்டும் 1939இல் டொலீடோவுக்கும் 1940இல் இண்டியானாபொலிஸுக்கும் போனது, சார்ல்ஸ்டனும் கூடவே போனார். 1936 ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ் டொலீடோ அணியோடு சேர்ந்திருந்தார். கூட்டம் சேர்க்க ஓடிக்காட்டுவதும் அவர் வேலை. அதுவும் நிலைக்கவில்லை. 1945இல் கிரீன்லீ புது லீக் ஒன்றைத் தொடங்கிக் க்ராஃபோர்ட்ஸ் என்ற பெயரை மறுபடி எழுப்பிப் பார்த்தார். ஜாக்கி ராபின்சனை அதே ஆண்டில் ஒப்பந்தம் செய்த பிராஞ்ச் ரிக்கியும் அந்த லீக்குக்கு ஆதரவு கொடுத்தார். மறு ஆண்டே அது கலைந்தது.

கிரீன்லீ கடைசியில் என்ன ஆனார்?

1952இல் இறந்தார். முந்தைய ஆண்டு க்ராஃபோர்ட் கிரில் தீயில் எரிந்துபோயிருந்தது. குத்துச்சண்டையில் அவருக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடுதல். அவர் நிர்வகித்த ஜான் ஹென்றி லூயிஸ் 1935இல் லைட் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆனார்.

பெய்ஜும் கிப்சனும் பெரிய லீக்கில் ஆடினார்களா?

பெய்ஜ் ஆடினார். 1948 ஜூலையில் கிளீவ்லேண்ட் அணிக்காக இறங்கியபோது வயது 42. அந்த ஆண்டு உலகத் தொடரையும் அந்த அணி வென்றது. 1965இல், 59 வயதில், கான்சஸ் சிட்டிக்காக மூன்று இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போனார். கிப்சன் ஆடவில்லை. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்க இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

கிப்சன்தான் இப்போது பேட்டிங் சராசரியில் முதலிடம் என்கிறார்களே, எப்படி?

2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பின லீக்குகளையும் பெரிய லீக்குகளாக ஏற்றது. 2024 மே மாதத்தில் அந்தப் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. கிப்சனின் வாழ்நாள் சராசரி .372. ஏறக்குறைய நூறாண்டாக முதலிடத்தில் இருந்த டை காபின் .367ஐ அது தாண்டியது. பேஸ்பாலில் .300 எடுத்தாலே நல்ல பேட்டர். பத்து முறை நின்றால் மூன்று ஹிட் என்று பொருள்.

ஆட்டங்கள் குறைவு, ஒப்பிடுவது நியாயமில்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆட்டங்கள் குறைவாக இருந்ததற்குக் காரணம் யார் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். ஹால் ஆஃப் ஃபேமில் கிப்சனின் பலகையில் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று எழுதியிருக்கிறது. அதில் பெரும்பகுதி அந்த பஸ் நின்ற சின்ன ஊர்களில் அடித்தது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பிட்ஸ்பர்க் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

மைதானம் இருந்த பெட்ஃபோர்ட் அவென்யூவில் மாநில அரசு வைத்த நினைவுப் பலகை உண்டு. ஹில்லின் கீழ்ப்பகுதி முழுவதையும் 1950களில் இடித்துத் தள்ளி உள்ளரங்கம் ஒன்று கட்டினார்கள், அதையும் பிறகு இடித்துவிட்டார்கள். அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டுமென்றால் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் டீனி ஹாரிஸின் படங்களில்தான் பார்க்க முடியும். ஏறக்குறைய 80,000 நெகட்டிவ்கள். அலெகெனி கல்லறைத் தோட்டத்தில் கிப்சனின் கல்லறை இருக்கிறது. 1975 வரை அதன் மேல் பெயர்க்கல்கூட இல்லை.

சொந்த மைதானம் வருவதற்கு முன்பு க்ராஃபோர்ட்ஸ் பையன்கள் ஆடிய திடல் மட்டும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன் பெயர் அம்மன் ஃபீல்ட் (நம் அம்மனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). இப்போது ஜாஷ் கிப்சன் ஃபீல்ட். பகுதிப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள்.